சுவரைப் பார்த்துக்கொள்ளவும்

கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது மாமனாரை. அதுதான் சிக்கல். வாசலில் நின்று பார்த்தால் மாமனார் தெரியக் கூடாது. நடுவில் ஒரு சுவர் இருக்க வேண்டும்.

அவர் தன் கட்டிலில், மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை ஏற்கெனவே வெள்ளை. இப்போது புருவமும் வெள்ளையாக இருந்தது, மீசையும், ரேடியோவும். அவருக்கும் அவளுக்கும் இடையில், ஹால் முடிந்து அவருடைய அறை தொடங்குகிற இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் குவியல் கிடந்தது.

"வாம்மா" என்றார் மாமனார்.

வழக்கமாக அவர் அப்படிச் சொல்வதில்லை. சொல்ல வழியில்லை. அவள் வருவது அவருக்குத் தெரியாது.

ஹாலின் எதிர்ப்பக்கத்தில், அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவிலிருக்கும் சுவர், காலையில் அவள் விட்டுப் போனபடியே நின்றது. சொல்லப்போனால் காலையைவிட நன்றாகவே இருந்தது. மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, ஓரங்களில் டேப் ஒட்டி, பத்திரப்படுத்தியிருந்தது. ஷீட்டுக்கு உள்ளே அவள் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி மங்கலாகத் தெரிந்தது. இடிக்க வேண்டிய சுவர் அதுதான்.

மேஸ்திரி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். தனியாகத்தான் வேலை செய்வார். கூட ஆள் இருந்தால் பேச்சு வளரும், வேலை வளராது என்பது அவர் கட்சி.

"முடிஞ்சுதும்மா" என்றார். "ரெண்டு நாள் ஆகும்னு சொன்னேன். ஒரே நாள்ல முடிச்சுட்டேன்."

"மேஸ்திரி, நான் சொன்னது அந்தச் சுவரு."

"எந்தச் சுவரு?"

"அடுப்படிச் சுவரு. குறி போட்டிருக்கேனே, அது."

மேஸ்திரி திரும்பி, ஷீட் போர்த்திய சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அதைத்தானே பாத்துக்கச் சொன்னீங்க?"

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வாசித்தார். "பெருக்கல் குறி போட்ட சுவரைப் பார்த்துக்கொள்ளவும்." வாசித்துவிட்டுப் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்துக்கிட்டேன். ஒரு கீறல் விழல. ஷீட்டுகூட என் கைக்காசுல வாங்கினதுதான்."

அவள் அந்த வரியைப் படித்தாள். அவள் அனுப்பியதுதான். காலை எட்டு ஐந்துக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையால் அடித்தது.

"பெருக்கல் போட்டா இடிக்கணும்னு அர்த்தம் இல்லையா?"

"பள்ளிக்கூடத்துல பெருக்கல் போட்டா கூடாதுன்னு அர்த்தம்மா."

"தப்புன்னு அர்த்தம்."

"தப்புன்னா கூடாதுதானே?"

"நீங்க ரெண்டு மாசம் முன்னாடி வந்து பாத்தீங்களே. கையால தட்டிக் காட்டினேனே."

"அதுக்கப்புறம் பதினேழு வீடு பாத்துட்டேன். எல்லாரும் தட்டித்தான் காட்டுறாங்க. ஹாலைப் பெருசாக்கணும்னு சொன்னது நினைவிருக்கு. பெருசாயிடுச்சு, பாருங்க."

ஹால் பெரிதாகத்தான் ஆகியிருந்தது.

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன் வெட்கம் வந்தது. அதற்குக் காரணம் அவள் வேலை. ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். உடைந்த கண்ணாடி, ஒரு காலை இழந்த மேசை, ஈரமாகிப்போன கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று நாளுக்கு இருபது முப்பது புகார்கள் அவள் மேசைக்கு வரும். அவற்றில் எந்த வார்த்தை இரண்டு பக்கமும் சாயும் என்று பார்த்து, கம்பெனிப் பக்கம் சாய்த்து, மரியாதையாகப் பதில் எழுதுவதுதான் அவள் தொழில். 'பார்த்துக்கொள்ளவும்' மாதிரி ஒரு வார்த்தை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே அந்தக் கோப்பை மூடியிருப்பாள்.

கணவன் ஆறரை மணிக்கு வந்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் எதையும் உற்றுப் பார்க்க மாட்டான். செருப்பைக் கழற்றினான், பையை வைத்தான், சாவியை வழக்கமான ஆணியில் மாட்டினான். சாவி தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் மாட்டினான். மறுபடியும் விழுந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"அப்பா?" என்றான்.

"சொல்லு" என்றார் அவர், கட்டிலிலிருந்து.

அவள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தாள். தன்னிடம் புகார் செய்பவர்கள் என்னவெல்லாம் செய்யாமல் விட்டுக் கோட்டை விடுகிறார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாள். அறையின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்தாள். செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் அளவு தெரிய ஒரு தலையணையை வைத்து எடுத்தாள். ஷீட் போர்த்திய சுவரையும் எடுத்தாள், அது தனக்குப் பாதகம் என்று தெரிந்தே. மேஸ்திரி குவியலை அள்ளச் சாக்கை விரித்தபோது தடுத்தாள்.

"அது அப்படியே கிடக்கட்டும் மேஸ்திரி. ஒரு கல்லுகூடப் போகக் கூடாது."

"குப்பைம்மா அது."

"இப்போதைக்கு அது சாட்சி."

பிறகு ஒரு தாள் எடுத்து, அன்று நடந்ததை ஏழு வரியில் எழுதினாள். யார் மேல் தப்பு என்று எழுதவில்லை. எந்தத் தேதி, எந்தச் சுவர் இடிக்க வேண்டியிருந்தது, எது இடிந்தது, எத்தனை அடி, அவ்வளவுதான். மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். சண்டை வரும் என்று கணவன் ஒதுங்கி நின்றான். மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து, முத்து முத்தாக.

"நடந்தது நடந்ததுதானேம்மா. இதுல மறைக்க என்ன இருக்கு" என்றார். பிறகு தயங்கினார். "ஆனா ஒண்ணு. மிஷினை வைக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?"

மேஸ்திரி மாமனாரைப் பார்த்தார். மாமனார் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். தூசி புகுந்ததால் அது எல்லா நிலையத்திலும் ஒரே மாதிரி இரைந்தது.

"என்னையே கேட்டுக்கிட்டேன்" என்றார் மேஸ்திரி. வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு கட்டட என்ஜினியரை வரவழைத்தாள். மெலிந்த மனிதர், சுத்தியலால் அங்கங்கே தட்டி, தட்டிய இடத்தில் காதை வைத்துக் கேட்டார், வைத்தியர் மாதிரி. இடிந்தது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்தான், கூரையின் பாரம் அதன்மேல் இல்லை, வீடு விழாது என்றார். எதற்கும் மூலையில் ஒரு முட்டுக் கொடுக்கச் சொன்னார். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டாள். விஷயம் கேள்விப்பட்ட மேஸ்திரி, யாரும் கூப்பிடாமலே வந்து ஒரு இரும்புக் கம்பத்தை முட்டாக நிறுத்திவிட்டுப் போனார். கூலி கேட்கவில்லை.

ஆனால் சுவரைச் சும்மா கட்டித் தர மாட்டேன் என்றார். அதில் அவர் உறுதியாக இருந்தார்.

"தப்பு என்னுதுன்னா நாளைக்கே கட்டிடுவேன். கூலியும் வேண்டாம், கல்லும் என்னுது. ஆனா தப்பு என்னுது இல்லையேம்மா."

"அப்போ யாருது?"

"அதை நான் சொல்லக் கூடாது."

அவள் அதை, 'நீதான்' என்று மரியாதையாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. போன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல், அவளுடைய அலுவலகக் குரலின் அச்சு அசல்.

"சுவர் தானா விழுந்ததா மேடம், இடிக்கப்பட்டதா?"

"இடிக்கப்பட்டது."

"இடிச்சவர் அத்துமீறி நுழைஞ்சாரா?"

"இல்ல. நாங்கதான் வரச் சொன்னோம்."

"உங்க வருத்தத்தைப் புரிஞ்சுக்கறோம் மேடம்."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அந்த வாக்கியத்துக்குப் பிறகு பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளே நாளுக்குப் பத்துத் தடவை எழுதுவாள்.

மிச்சம் இருந்தது நுகர்வோர் சமரச மையம். வக்கீல் வேண்டாம், பெயரைப் பதிந்தால் போதும், மனுவையும் பதிலையும் விசாரணை நாளில் வாங்கிக்கொண்டு, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரம் வீட்டில் சுவர் இல்லாமல் ஓடியது.

முதல் நாள் ஒரு கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். மின்விசிறி போட்டால் அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு ஹாலுக்குள் வந்தது. விசிறியை நிறுத்தினால் மாமனாருக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் விரிப்பை அவிழ்த்துவிட்டார்கள்.

மாமனார் அந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மாமியார் போனபிறகு வந்தார். அரசாங்க அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்துபவராக இருந்தவர். அவருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. ஏழு மணிக்குக் காபி, எட்டரைக்குச் சிற்றுண்டி, மாத்திரைகள் கிழமைவாரியாக டப்பாவில், மாதம் ஒருமுறை முடி வெட்ட ஆள் வீட்டுக்கே வரும். அவர் கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாததால் அவர் பேசியதுமில்லை. அறைக்குள் ரேடியோ பேசும். அது ஓடினால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே வீட்டின் எல்லாவற்றையும் பார்த்தார். கணவன் மனைவிக்குள் ஒரு வாக்குவாதம் என்றால்கூடக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் நடத்த வேண்டியிருந்தது. வெளியே வந்தால் அவர் கேட்பார், "தண்ணி நின்னுடுச்சா?"

தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது அடியில் ஓடும் எழுத்துகளில் பிழை வந்தால் உச்சுக்கொட்டுவார். ஆரம்பத்தில் அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு அவளும் அந்த எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தாள். அவர் உச்சுக்கொட்டும் முன் பிழையைக் கண்டுபிடிக்க முயன்றாள். ஒருமுறைகூட முந்த முடியவில்லை.

மையத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன், ஞாயிற்றுக்கிழமை காலை, மனுவின் இறுதிப் படியைக் கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். ஒன்றரைப் பக்கம். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல புகார். 'பார்த்துக்கொள்ளவும்' என்ற சொல்லின் சிக்கலை மூன்றாவது பத்தியிலேயே தானாக ஒப்புக்கொண்டு, ஐயம் ஏற்பட்டால் வேலைக்கு முன் உரிமையாளரைப் போனில் கேட்பது தொழில் முறை என்று நான்காவது பத்தியில் அதை முறியடித்திருந்தாள். கணவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"…எதிர்த்தரப்பினர் வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் எவரிடமும் கேட்கவில்லை. வீட்டிலிருந்த எவரும் அச்சுவரை இடிக்க அனுமதி தரவில்லை."

"அந்த வரி தப்பு" என்றார் மாமனார்.

இருவரும் திரும்பினார்கள்.

"எழுத்துப் பிழையா மாமா?"

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு. விஷயம் தப்பு. அவரு கேட்டாரு."

"யாரைக் கேட்டாரு?"

"என்னைத்தான். வேற யாரு இருந்தா வீட்ல? ஐயா, இந்தச் சுவர்தானேன்னு கேட்டாரு. ஆமான்னேன்."

கணவன் எழுந்தே விட்டான். "அப்பா, நீங்க சரியா கேட்டிருக்க மாட்டீங்க. மிஷின் சத்தத்துல…"

"மிஷினை அப்போ ஆரம்பிக்கவே இல்ல. கட்டிலை நகத்தணும்னாரு. நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அவரு ஒரு பக்கம் பிடிச்சாரு. பீரோவையும் நகத்தினோம். அப்புறம் அடுப்படில போய் உக்காருங்க, தூசி பறக்கும்னாரு. போய் உக்காந்தேன். சத்தம் நின்னதும் கட்டிலுக்கு வந்துட்டேன், தூசி அடங்கறதுக்குள்ள."

"எந்தச் சுவரை இடிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. ஒரு வாரமா அதைத்தானே பேசிட்டிருந்தீங்க. சுவர் வழியா கேக்கும்."

மாமனார் ரேடியோவை எடுத்து அதன் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கணவன் சொன்னான், "அந்த வரியை விட்டுடு. மேஸ்திரி சொன்னாத்தானே? இதுவரைக்கும் சொல்லலையே."

"அதான் எனக்கு இடிக்குது. ஏன் சொல்லல?"

"நமக்கென்ன? அப்பாவுக்கு வயசாச்சு. ஏதோ சொல்லிட்டாரு. அதை நாமளே போய் எழுதிக் கொடுத்தா சுவரு நம்ம செலவு."

பத்தொன்பது வருடத்தில், உண்மையை ஒரு வரி மறைத்த புகார்களை எத்தனை முறை அந்த ஒரு வரிக்காகவே தள்ளியிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னால் புரியாது. ஒரு கிழவி அனுப்பிய தையல் மிஷின் உடைந்து போய்ச் சேர்ந்தது. அது ஏற்கெனவே ஒருமுறை ஒட்ட வைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டாள் என்பதற்காக அந்தக் கோப்பை அவள் மூடினாள். அந்தக் கிழவியின் கையெழுத்து இன்னும் நினைவிருக்கிறது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"தண்ணி நின்னுடுச்சா?" என்றார் மாமனார்.

அவள் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்தாள். அதற்குப் பதில் வேறு எழுதினாள்: 'எதிர்த்தரப்பினர், வீட்டிலிருந்த என் மாமனாரைக் கேட்டார். அவர் ஆம் என்றார்.' எழுதிவிட்டுத் தாளை மாமனாரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார்.

"ரெண்டாம் பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு" என்றார்.

சமரச மையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீள மேசை, ஆறு நாற்காலி, மூலையில் ஒரு தண்ணீர் ஜாடி. நடுவராக இருந்த அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை வலது கையிலும் பேனாவை இடது கையிலும் வைத்திருந்தார். மாமனாரைக் கூப்பிட்டுக்கொண்டு வர யாரும் நினைக்கவில்லை. காலையில் பார்த்தால் அவரே சலவைச் சட்டை போட்டு, செருப்புப் போட்டு, வாசலில் தயாராக நின்றார்.

நடுவர் மனுவைப் படித்து முடித்து நிமிர்ந்தார். "இந்த வரி உங்களுக்கே எதிரா இருக்கேம்மா. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"மேஸ்திரி, நீங்க கொடுத்த பதில்ல பெரியவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதுதானே உங்க பக்கத்துக்குப் பலம்? ஏன் சொல்லல?"

மேஸ்திரி நாற்காலியில் நெளிந்தார். வேலை உடையில் இல்லாததால் அவர் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார். "நானும் மாமனார் வீட்டோட இருக்கற ஆளும்மா. ஒரு வீட்ல ஒண்டியிருக்கறவங்க மேல ஒரு பேச்சு வந்தா அது எத்தனை நாளைக்கு ஓடும்னு எனக்குத் தெரியும். பெரியவரை ஏன் மாட்டி விடணும்? கூலி போனாப் போகட்டும், சும்மா கட்ட முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிட்டேன்."

நடுவர் தும்மினார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "ஐயா, தப்பான சுவருன்னு தெரிஞ்சும் ஏன் ஆமான்னு சொன்னீங்க? உங்க ரூம் சுவராச்சே அது."

மாமனார் யோசிக்கவே இல்லை. "நாலு வருஷமா அந்த வீட்ல என்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்லம்மா. அவரு வந்து, ஐயா இந்தச் சுவர்தானேன்னு கேட்டாரு. ஒருத்தர் மதிச்சுக் கேக்கறாரு. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

கணவன் தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது ஒரு கண் நோயாளி என்பது போல. அவளுக்குக் காது சூடேறியது. கிழமைவாரியான மாத்திரை டப்பாவை நினைத்தாள். அதை வாங்கியபோதுகூட என்ன நிறம் வேண்டும் என்று அவரைக் கேட்டதில்லை.

"இதை என்னன்னு எழுதறது?" என்று நடுவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"சொன்னபடியே எழுதுங்க" என்றார் மாமனார். "திருத்த வேண்டாம்."

அரை மணியில் முடிவானது. கல்லும் சிமென்ட்டும் மணலும் வீட்டுக்காரர் செலவு, கட்டிப் பூசித் தருவது மேஸ்திரி பொறுப்பு, கூலி கிடையாது. பழைய குவியலில் உடையாத கல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அடுப்படிச் சுவரை இடிக்கும் வேலை முன்பு பேசிய கூலிக்கே தொடரும். ஒரு மாதத்துக்குள் விரிசல் கண்டால் மேஸ்திரி வந்து சரிசெய்ய வேண்டும். கடைசி ஷரத்து அவள் கேட்டுச் சேர்த்தது. வெட்கம் ஒரு பக்கம், விரிசல் ஒரு பக்கம்.

படி இறங்கும்போது மேஸ்திரி அவளிடம் சொன்னார், "நீங்க எழுதிக் கொடுப்பீங்கன்னு நான் நினைக்கலம்மா."

"நீங்க சொல்லாம இருப்பீங்கன்னு நானும் நினைக்கல."

அன்று மாலையிலிருந்து வீட்டில் கேள்விகள் தொடங்கின. கணவன்தான் ஆரம்பித்தான். அப்பா, காபியா டீயா? அப்பா, விசிறி மூணுல இருக்கட்டுமா நாலுலயா? அப்பா, இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா? செருப்புக் கடையில் கால் அளவு கேட்பவன் மாதிரி பின்னாலேயே திரிந்தான். அவளும் தன் பங்குக்குக் கேட்டாள். இரண்டாம் நாள் மாமனார் கையை உயர்த்தினார்.

"ஒரு நாளைக்கு மூணு கேள்வி போதும். பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

அவள் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைய மூன்றில் ஒன்றை எடுத்துக் கேட்டாள்: "சுவரைத் திரும்பக் கட்டணுமா மாமா, இல்ல இப்படியே விட்டுடலாமா? அரைச் சுவராகூடக் கட்டலாம்னு மேஸ்திரி சொல்றாரு."

அவர் இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்துதான் பதில் சொன்னார்.

"முழுச் சுவராக் கட்டச் சொல்லு. உங்க ரெண்டு பேரையும் மூணு வாரம் பாத்தாச்சு. போதும்."

மேஸ்திரி சனிக்கிழமை வந்தார். கட்டுவதற்கு முன் மாமனார் எதிரில் போய் நின்று, "ஐயா, இந்த இடத்துலதானே சுவரு?" என்றார். மாமனார் அவளைக் காட்டி, "அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். குவியலில் பாதிக் கல் தேறியது. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசை கோணுகிற இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வரிசையை மேஸ்திரி ஒருமுறை பிரித்துக் கட்டினார். முணுமுணுத்தார், ஆனால் பிரித்தார். இரண்டு நாளில் சுவர் எழுந்தது, மூன்றாம் நாள் பூச்சு.

பூச்சு காய்கிறவரை அந்த அறையில் படுக்க வேண்டாம், ஈரம் நெஞ்சுக்கு ஆகாது, பத்து நாள் போதும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். மாமனாரின் கட்டில் ஹாலுக்கு வந்தது. அவர் காலையில் ஹாலில் எழுந்தார், ஹாலில் பேப்பர் படித்தார், செய்தியில் பிழை கண்டுபிடித்தார். அவள் வேலையிலிருந்து கொண்டுவரும் புகார்க் கடிதங்களில் சிலதை வாங்கிப் படித்து, "இந்த ஆள் பொய் சொல்லல" என்று ஓரிரண்டைத் தனியாக எடுத்து வைத்தார். அவற்றை அவள் மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுக்குப் புதிய கண்ணாடி அனுப்ப வேண்டி வந்தது. மேலாளர் காரணம் கேட்டபோது, கோப்பில் ஒரு வரி தவறிவிட்டது என்றாள்.

பதினோராம் நாள் கணவன் கட்டிலைத் தள்ளப் போனான். மாமனார் எழுந்து உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னும் ஈரம் இருக்கு."

பதின்மூன்றாம் நாளும் வைத்துப் பார்த்தார். ஈரம் இருந்தது. மேஸ்திரி அடுப்படிச் சுவரை இடிக்க வந்தபோது, இந்த வெயிலுக்கு எட்டே நாளில் காய்ந்திருக்குமே என்று ஆச்சரியப்பட்டார். கணவன் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தான், மணலில் ஏதாவது கோளாறா என்று.

பதினாறாம் நாள் மாலை மாமனார் மொட்டைமாடிக்குப் போயிருந்தபோது அவள் அந்த அறைக்குள் போனாள். சுவரில் கை வைத்தாள். அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. விரலால் சுண்டினால் கணீரென்றது. விரிசல் ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தாள், ஷரத்துப்படி.

அவர் படி இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். "என்ன பாக்கற?"

"ஈரம் போச்சான்னு பாத்தேன் மாமா."

"போச்சா?"

"இல்ல" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல."

அவர் தலையாட்டினார். போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.